மணல்மேடு காக்கும் அடம்பன் கொடி

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, இலங்கைத்துறை முகத்துவாரத்தை அடுத்த கரையோரத்தில் கமஞ் செய்வோரும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போரும் நன்கறிந்த கொடி ஒன்று உண்டு. அதனை விதைப்பாரும் இல்லை; அதற்கு நீர் வார்ப்பாரும் இல்லை. கொதிக்கும் மணலிலே படர்ந்து, காலையில் ஊதா கலந்த செந்நிறப் பூக்களை விரித்து நிற்கும் அடம்பன் கொடியே அது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்னும் பழமொழியை நம்மில் அறியாதார் இலர். எனினும், பழமொழியை நாவில் வைத்திருக்கும் நாம் கொடியைக் காலால் மிதித்தே செல்கிறோம்.

கடலுக்கும் நமது காணிக்கும் இடையே நிற்கும் மணல்மேட்டை இக்கொடி எவ்வாறு காக்கின்றது, மேடு வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில் அதனை எவ்வாறு வளர்ப்பது, வளர்த்தபின் எவ்வாறு பேணுவது என்பவற்றை இவ்வெளியீடு விளக்கும். இதற்குப் பெரும் பணச்செலவு இல்லை. வேண்டுவன ஒரு கத்தி, ஒரு மண்வெட்டி, சில பழைய கிடுகுகள், மழைக்காலத்தில் இரண்டொரு நாள் உழைப்பு ஆகியனவே.

கொடியின் இயல்பு

அடம்பன் பல்லாண்டு வாழும் படர்கொடி. ஒரு கொடி முப்பது அடிக்கு மேலும் நீளக்கூடும். கணுக்கள்தோறும் வேர் விடுவது இதன் சிறப்பு. முதன்மை வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடும். கணுவேர்கள் மேல்மணலைப் பற்றிக்கொள்ளும். தடித்த இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சங்கப் புலவர் இதனை அடும்பு என்று வழங்கி, இலைக்கு மானின் குளம்பை உவமை கூறினர். தாவரவியலார் இதற்கு இட்ட இப்போமியா பெஸ்காப்ரே என்னும் பெயரின் பிற்பகுதிக்கு ஆட்டின் கால் என்பது பொருள். சிங்கள மக்கள் முஹுது பின்தம்புறு என்பர். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில், கொடிகள் தண்டவாளம்போல நீண்டு ஓடுவது கருதி, இருப்புப்பாதைக் கொடி என்று பெயர் வழங்குகின்றனர். வெப்பநாட்டுக் கரைகள் பலவற்றிலும் இக்கொடி இயற்கையாக வளர்கின்றது. உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் ஆற்றல் குன்றாத விதையே இவ்வளவு தூரம் அது பரவியதற்குக் காரணம்.

பூ அதிகாலையில் விரிந்து பிற்பகலுக்குள் வாடிவிடும். வண்டுகளும் தேனீக்களும் அதனை நாடி வரும். இலைக்காம்பில் தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருத்தலால் எறும்புகள் கொடிமீது திரியும். அவை இலையுண்ணும் பூச்சிகளை விரட்டுவன. ஆதலால் கொடியில் எறும்பு கண்டவுடன் மருந்து தெளித்தல் தகாது.

மணல்மேடு எதற்கு?

மேட்டை அகற்றினால் கடலை வீட்டிலிருந்தே காணலாம் என்றும், மணலை விற்றால் பணம் கிடைக்கும் என்றும் எண்ணுவோர் உண்டு. அவர்கள் பின்வருவனவற்றைச் சிந்தித்தல் வேண்டும்.

முதலாவது, உங்கள் கிணறு. மேட்டின்மீது பெய்யும் மழை மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் நன்னீராகத் தேங்கி நிற்கும். நன்னீர் உப்புநீரிலும் சற்று இலேசானது என்பதே இதற்குக் காரணம். ஒரே சீரான மணலில், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமானால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். மேட்டைத் தோண்டியதனால் நீர்மட்டம் 1 அடி தாழுமாயின், காலப்போக்கில் உப்புநீர் கீழிருந்து 40 அடி வரை மேலேறக்கூடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைத்த கிணறு உவர்த்துப்போன பின்னர் அதனைத் திருத்துதல் எளிதன்று.

இரண்டாவது, உங்கள் பயிர். மேடு கடற்காற்றின் உப்புத்துளிகளையும் பறக்கும் மணலையும் தடுத்து நிறுத்தும். மேடு இல்லாதவிடத்து அவை இளம்பயிரின் இலையைக் கருக்கும். வாய்க்காலையும் பாத்தியையும் மூடும்.

மூன்றாவது, உங்கள் உயிர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்தார் மறக்கவொண்ணாதவை. ஆழிப்பேரலையின் பின்னர் ஆய்வாளர் இலங்கையின் கரைகளைப் பார்வையிட்டபோது, தென்கிழக்கே யால பகுதியில் ஓர் உண்மையைக் கண்டனர். கடற்காட்சிக்காக மணல்மேட்டை அகற்றிய விடுதி ஒன்று அழிந்துபோயிற்று. அயலில் மேடு குலையாது நின்ற இடங்களிலோ சேதம் மிகக் குறைவாக இருந்தது.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். அடம்பன் கொடி ஆழிப்பேரலையைத் தடுக்கும் என்று எவரும் நம்பியிருத்தல் கூடாது. அலையின் வேகத்தைத் தணிப்பது மேடு. மேட்டைக் காப்பது கொடி. அபாய அறிவித்தல் கிடைத்தால் மேடும் கொடியும் இருக்கும் ஊராரும் உடனே உயர்ந்த இடத்துக்குச் செல்லவே வேண்டும்.

கொடி மணலைப் பிடிக்கும் விதம்

காற்று உலர்ந்த மணலைத் தூக்கிச் செல்வதிலும் பார்க்க, நிலத்தோடு ஒட்டித் தத்தித் தத்திச் செல்லவிடுவதே அதிகம். தரையோடு படர்ந்த இலைகள் குறுக்கிடும்போது அடிக்காற்றின் வேகம் குறைகின்றது. மணல் அவ்விடத்திலேயே விழுந்து தங்குகின்றது. வேறு செடியாயின் மணலால் மூடுண்டு மடியும். அடம்பனோ மூடப்பட்ட கணுவில் புதுவேர் விட்டு, நுனியை மேலே நீட்டி, மறுபடியும் படரும். மணல் ஏற ஏறக் கொடியும் ஏறும். கொடி ஏற ஏற மேடும் உயரும். ஒற்றைக் கொடி செய்ய முடியாததைப் பல கொடிகள் பின்னிப் படர்ந்து செய்கின்றன. பழமொழி கூறும் மிடுக்கு இதுவே.

நடுவதற்குரிய இடம்

வாடைக்காலத்தில் அலை எவ்வளவு தூரம் ஏறுகின்றது என்பதை ஒதுங்கிய பாசியையும் குப்பையையும் கொண்டு அறியலாம். அக்கோட்டிற்கு மேலே, மேட்டின் அடியிலிருந்து நடுதல் வேண்டும். அதற்குக் கீழே நட்டால் முதல் அலையே பிடுங்கிச் செல்லும். கீழ்ப்பகுதியைக் கொடி தானே பின்னர் இறங்கி மூடிக்கொள்ளும்.

நமது கரையில் வாடைக்காற்று கடலிலிருந்து வீசும். கச்சான் காற்று தரையிலிருந்து வீசும். ஆகவே கடல்முகத்தை மாத்திரம் மூடினால் போதாது. கச்சான் காலத்தில் மேட்டின் பின்முகத்து மணல் கடலை நோக்கி ஓடும். இரு முகங்களிலும் நட்டால் மாத்திரமே மேடு நிலைக்கும்.

மூன்று இடங்களைத் தவிருங்கள். ஒன்று, முகத்துவாரத்தின் வாயிலில் உள்ள மணற்திட்டு. அது வெள்ளத்தால் உடைவதும் கடலால் அடைபடுவதுமாய் இடம் மாறிக்கொண்டிருப்பது. அங்கே நடும் உழைப்பு வீணாகும். இரண்டு, கரைவலைப் பாடு. வலை இழுப்போர்க்கும் வள்ளம் ஏற்றுவோர்க்கும் வெறுந்தரை வேண்டும். நடுமுன் மீனவர் சங்கத்தாரோடு கலந்து பேசி எல்லை குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய சம்மதமின்றி நட்ட கொடி ஒரு வாரமும் நில்லாது. மூன்று, கடலாமை ஏறி முட்டையிடும் வெறுமணல். ஆமைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவை ஏறும் வழியை அடைத்தல் ஆகாது.

நடுவதற்குரிய காலம்

திருகோணமலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள மாதங்களிலேயே கிடைக்கின்றது. ஐப்பசி மாதத்தில் இரண்டு நல்ல மழை பெய்து, மணல் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்தவுடன் நடுதல் நன்று. இவ்வாறு நட்டால், கச்சான் வீசத் தொடங்குமுன் வேர் ஆழ இறங்குவதற்கு ஆறு மாதம் கிடைக்கும். தை மாதத்துக்குப் பின் நடுவதாயின் வாளியில் நீர் சுமந்து ஊற்ற நேரிடும்.

தண்டுத்துண்டு நடுதல்

இதுவே எளிய முறை. செழித்த கொடியிலிருந்து, இளநுனியையும் முற்றிய அடித்தண்டையும் விடுத்து, நடுப்பகுதியை வெட்டுங்கள். துண்டொன்று ஒன்று முதல் ஒன்றரை அடி நீளமும் நான்கு கணுக்களும் உடையதாயிருத்தல் நலம். வெட்டும்போது தாய்க்கொடியின் வேரை இழுத்தல் கூடாது. மேட்டின் கடல்முகத்துக் கொடியில் கை வையாதீர்கள்; வீதியிலோ தோட்டத்திலோ ஏறி வந்த கொடியிலிருந்தே எடுங்கள். அங்கும் மூன்று கொடிக்கு ஒன்று என்ற அளவுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். ஒரு மேட்டை மூடுவதற்கு மற்றொரு மேட்டை வெறுமையாக்குதல் பயனற்ற வேலை.

வெட்டிய துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றைக்கே நடுங்கள். கீழ்க்கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்று கணுக்கள் ஈரமணலுள் அமையுமாறு அரையடி ஆழத்தில் சாய்வாகப் புதைத்து, காலால் அழுத்தி விடுங்கள். ஒரு கணுவும் இரண்டோர் இலையும் வெளியே நின்றால் போதும். மேலே கிடக்கும் உலர்மணலில் புதைத்த துண்டு பட்டுப்போகும். உலர்மணலை விலக்கி ஈரம் கண்ட பின்னரே புதைக்க வேண்டும்.

துண்டுக்குத் துண்டு 3 அடி, வரிசைக்கு வரிசை 3 அடி இடைவெளி விடுங்கள். ஒரு வரிசையின் துண்டு அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு மாறிமாறி நட்டால் காற்றுக்கு நேர்வழி கிடையாது. 100 அடி நீளமான மேட்டில் நான்கு வரிசை நடுவதற்கு, வரிசைக்கு 34ஆக, 136 துண்டுகள் வேண்டும். படுவனவற்றை ஈடுசெய்ய 150 துண்டுகள் ஆயத்தமாக வைத்திருப்பது நன்று.

விதையிலிருந்து நாற்று

அயலில் கொடி குறைவாயின் விதையை நாடலாம். காய் பழுப்பு நிறமாகி உலர்ந்தபின் பறியுங்கள். பெரும்பாலும் ஒரு காயில் நான்கு விதைகள் இருக்கும். அவை மென்மயிர் போர்த்த கபில நிறத்தன. நெல்லுக்குச் செய்வதுபோல் நீரிலிட்டு, மிதப்பவை பதர் என்று எறிந்துவிடாதீர்கள். இவ்விதை மிதப்பதற்கென்றே அமைந்தது. நல்ல விதையும் மிதக்கும்.

விதைத்தோல் மிகக் கடினமானது. அரத்தினாலோ கரடான கல்லினாலோ ஒரு பக்கத்தைத் தேய்த்து, உள்ளே வெண்மை தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். காம்பு ஒட்டியிருந்த தழும்புப் பக்கத்தைத் தேய்த்தலாகாது. முளை அங்கேயே உள்ளது. தேய்த்த விதையை ஓரிரவு நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பருத்திருப்பவை முளைப்பதற்குத் தகுந்தவை. பருக்காதவற்றை மறுபடியும் சற்றுத் தேய்த்து ஊறவிடலாம். மணல் நிரப்பிய பையில், விதையொன்றாக ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஆவணி மாதத்தில் ஊன்றினால் ஐப்பசி மழைக்கு நாற்று ஆயத்தமாகும். பையை நீக்கும்போது வேர்ப்பிடி மணல் உதிராதிருக்கக் கவனம் வேண்டும்.

கிடுகுத் தடுப்பு

காற்று மிகுந்த வெறுமேட்டில், நட்ட துண்டு வேர்விடுமுன் மணல் அடியோடு பறந்துவிடக்கூடும். அங்கே காற்று வரும் திசைக்குக் குறுக்கே, இரண்டு முதல் மூன்று அடி உயரத்தில் தாழ்வான தடுப்பு ஒன்று இடுங்கள். பழைய கிடுகு, பனையோலை, கருக்குமட்டை ஆகிய எதுவும் உதவும். ஆனால் வீட்டு வேலிபோல நெருக்கி அடைத்தல் கூடாது. பாதிக்குப் பாதி இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கமான தடுப்பில் மோதிய காற்று சுழன்று அடிமணலைத் தோண்டும். இடைவெளியுள்ள தடுப்போ காற்றைத் தளரச்செய்து மணலை இறக்கிவைக்கும். ஓலை உக்கிப்போகும் காலத்தில் கொடி அவ்வேலையை ஏற்றுக்கொள்ளும்.

முதலாண்டுப் பராமரிப்பு

நட்டபின் பத்து நாள் மழையில்லாவிடின் ஒரு முறை நீர் ஊற்றுங்கள். வேர்விட்ட கொடிக்கு அதன்பின் நீர் தேவையில்லை. உரமும் எருவும் வேண்டாம். அவற்றை இட்டால் களைகள் செழித்துக் கொடியை நெருக்கும்.

மாடும் ஆடும் முதலாண்டில் உட்புகாது காக்க வேண்டும். இவை கொடியைத் தின்பதிலும் பார்க்கக் குளம்பால் உழக்குவதே பெருஞ்சேதம். இக்கொடியை வெட்டித் தீனியாக இடுதலும் தகாது. இதனை மிகுதியாக உண்ட ஆடுகளுக்கு நஞ்சேறக்கூடும்.

கடலுக்குச் செல்ல மனிதருக்கும் ஒரு வழி வேண்டும். ஊரார் பல இடங்களில் மேட்டைக் கடந்தால் ஒவ்வொரு தடமும் காற்றுக்கு ஒரு வாயிலாகும். எல்லோர்க்கும் பொதுவாக ஒரே வழியை, காற்றுக்கு நேராக அன்றிச் சாய்வாக அமைத்து, மணல்மீது ஓலையோ மட்டையோ பரப்பி விடுங்கள்.

இலையின்றி நூல்போலப் பின்னிப் படரும் கொத்தான் கண்டால் உடனே கவனியுங்கள். அது அடம்பனின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுக்கொடி. அது பற்றிய அடம்பன் பகுதியையும் சேர்த்து வெட்டி, காய்க்குமுன் அப்புறப்படுத்த வேண்டும்.

உடன் வளர்ப்பவை

அடம்பனோடு இராவணன் மீசை என்னும் முட்புல்லும் இயல்பாக வளரும். இரண்டும் சேர்ந்தால் மேடு மேலும் உறுதிப்படும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையிலும் இவ்வினப் புல்லையும் அடம்பனையும் சேர்த்தே மேடு திருத்துகின்றனர். பின்முகத்தில் தாழையும், அதற்கும் பின்னே புன்னை, பூவரசு, பனை என்பனவும் பொருந்தும். சவுக்கை மேட்டின் முன்பகுதியில் நெருக்கமாக நடுதல் விரும்பத்தக்கதன்று. விரைந்து வளர்ந்து காற்றை மறைப்பது உண்மையே; ஆயினும் அதன் நிழலிலும் உதிர்ந்த சருகிலும் அடம்பன் வாழாது. கொடியற்ற மணலைக் கடல் எளிதில் அரித்துவிடும்.

சட்டம் கூறுவது

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயத்துள் அடங்கும். அங்கே அனுமதியின்றி மணல் அள்ளுதல் குற்றமாகும். கொடி நடுவதற்கு முன்னரும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்தல் முறையாகும். அவர்கள் வாயிலாகக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் ஆலோசனையையும் பெறலாம்.

எதிர்பார்க்கத்தக்க பலன்

முதல் மழைக்காலத்தில் வேர் பிடிக்கும். அடுத்த மழைக்காலம் முடியுமுன் கொடிகள் ஒன்றையொன்று தொட்டுப் பின்னத் தொடங்கும். இடையே வெறுமையான பகுதிகள் காணப்படின், படர்ந்த கொடியின் நுனியை அத்திசைக்குத் திருப்பி, ஒரு கணுவின்மேல் மணலிட்டு விடுங்கள், அதுவே போதும். மேட்டில் ஓர் அளவுகோலை நட்டு, ஆண்டுதோறும் சித்திரையில் மணலின் உயரத்தைக் குறித்து வாருங்கள். மேட்டுக்கு அருகிலுள்ள கிணற்று நீரின் உப்புத்தன்மையையும் வறட்சி முடிவில் சோதிப்பித்துக் குறியுங்கள். இவ்விரு கணக்குகளும் மேட்டின் நிலையை உங்களுக்குச் சொல்லும்.

தனி ஒருவர் தமது காணிக்கு நேரே மாத்திரம் நட்டு, இருபுறமும் அயலவர் மேட்டைத் தோண்டுவாராயின், கடல் அப்பள்ளத்தினூடாக வந்து மூவரையும் சேர்த்தே வருத்தும். ஆதலால் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் பாடசாலை மாணவரும் ஒன்றுசேர்ந்து, வருகிற ஐப்பசிக்கு முன் மேடு முழுவதையும் நடந்து பார்த்து, வெறுமையான இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டு வெட்டும் முறையிலும் விதை தேய்க்கும் முறையிலும் ஐயம் உளதாயின், உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கண்டு கேட்டறியுங்கள்.